முட்டை ஆறுவதற்குள்

ஒரு காட்டில் மழைக்குப் பஞ்சமே இல்லை, தண்ணீருக்குத்தான் பஞ்சம். அது எப்படி என்று கேட்கிறீர்களா, பிள்ளைகளே? பெய்கிற மழையெல்லாம் நொச்சி ஓடையில் இறங்கும். இறங்கிய தண்ணீர் ஒரு நிமிஷம்கூட நிற்காமல் காட்டைத் தாண்டி ஓடிவிடும். கோடை வந்தால் ஓடையில் மணல்தான் மிச்சம்.

போன கோடையில் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. யானை மணலைத் தோண்டி, ஊறி வந்த தண்ணீரை உறிஞ்சிக் குடித்தது. அது போன பிறகு கடமான் வந்து அந்தக் குழியின் ஈரத்தை நக்கியது. நீச்சலுக்கென்றே பிறந்த நீர்நாய் புழுதியில் புரண்டது. அத்திப்பழத்தைத் தின்று சமாளித்த குரங்குக்குக்கூட மற்றவர்களைப் பார்த்துச் சிரிக்கத் தெம்பில்லை.

"போதும்! மழைக்கு முன்னால் ஓடைக்குக் குறுக்கே ஒரு கரை கட்டுவோம்" என்று எல்லோரும் சேர்ந்து முடிவு செய்தார்கள். நல்ல யோசனைதான். யோசனை எப்போதும் நன்றாகத்தான் இருக்கும். கட்ட ஆரம்பித்த பிறகுதானே கூத்து?

"இவ்வளவு பெரிய வேலைக்கு ஒரு தலைவர் வேண்டாமா?" என்று கேட்டுக்கொண்டே நரி முன்னால் வந்து நின்றது. வா என்று யாரும் கூப்பிடவில்லை. வேண்டாம் என்றும் யாரும் சொல்லவில்லை. அவ்வளவுதான், நரி தலைவராகிவிட்டது.

தலைவர் முதலில் யானையைப் பார்க்கப் போனார்.

"கரை என் உயரத்துக்கு இருக்கணும். நான் இறங்கினா முதுகு முழுகணும். முட்டியை மட்டும் நனைச்சுக்க நான் என்ன கொக்கா?" என்றது யானை.

"உங்க விருப்பம்தான் அண்ணே என் விருப்பம்!" என்றது நரி. யானை மகிழ்ந்துபோய் விளாமரத்தை ஓர் உலுக்கு உலுக்கியது. விழுந்த பழத்தை நரி பொறுக்கிக்கொண்டது.

அடுத்து கடமான். "கரை தாழ்வா, சரிவா இருக்கணும் மாமா. என் குட்டிக்கு இப்பத்தான் கால் ஊன்றியிருக்கு. செங்குத்தா கட்டினா வழுக்கி விழுந்திடும். எனக்கு நினைச்சாலே நடுங்குது!"

"நடுங்காதேம்மா. உன் விருப்பம்தான் என் விருப்பம்!" கடமான் இலந்தைப் புதர் இருக்கும் இடத்தைக் காட்டியது.

அடுத்து நீர்நாய். "கரை நடுவுல பெரிசா ஒரு வாய் விடணும் மாமா. புதுத் தண்ணி வந்தா கீழேயிருந்து மீன் ஏறி வரும். அதுக்கு வழி வேணாமா? மீன் இல்லாத தண்ணியை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?"

"உன் விருப்பம்தான் தம்பி என் விருப்பம்!" கிடைத்தது ஒரு நண்டு.

கடைசியில் குரங்கு, அத்திமரத்தின் உச்சியிலிருந்து தலைகீழாகத் தொங்கியபடி பேசியது. "தண்ணி என் மரத்து வேரை நனைக்கலாம். அடிமரத்தைத் தொட்டுச்சு, மரம் அழுகிடும். கரையை உசத்திக் கட்டினீங்க, ராத்திரியோட ராத்திரியா பிச்சு எறிஞ்சிடுவேன். இப்பவே சொல்லிட்டேன்!"

"அட, உன் விருப்பம்தானப்பா என் விருப்பம்!" மடி நிறைய அத்திப்பழம்.

கவனித்தீர்களா? கரை உயரம், கரை தாழ்வு, கரையில் ஓட்டை, கரையே எழும்பக் கூடாது. நான்குக்கும் சரி! நான்கு பேரிடமும் தனித்தனியாக, காதோரம் சொன்ன சரி. நரிக்கு வயிறு நிறைந்தது. மற்றவர்களுக்கு மனம் நிறைந்தது.

ஒருவரை மட்டும் நரி கேட்கவேயில்லை. கரை எழும்பப் போகும் இடத்துக்கு நேர் கீழே ஒரு பள்ளம். அந்தப் பள்ளத்தில், காய்ந்த மூங்கில் இலைகளுக்கு நடுவே, ஒரு காட்டுக்கோழி முட்டையிட்டு அடைகாத்துக்கொண்டிருந்தது.

"கோழியைக் கேக்க வேண்டாமா?" என்று கடமான் இழுத்தது.

"கோழி எவ்வளவு தண்ணி குடிச்சிடும்? இலையிலே நிக்கிற பனி போதும் அதுக்கு! அதுகிட்ட என்னத்தைக் கேக்கிறது?" என்று நரி சிரித்தது. மற்றவர்களும் சிரித்தார்கள்.

வேலை தொடங்கியது. ஆகா, என்ன வேகம்! அந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. பொது வேலை எதுவானாலும், அவரவர் நடக்கும் வழிக்கு எதிரே உள்ள பங்கை அவரவரே செய்துகொள்ள வேண்டும். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது, இல்லையா? யானை தன் பங்கில் பாறை மேல் பாறை அடுக்கிக் குன்றாக்கியது. அதற்குப் பக்கத்தில் கடமான் தன் பங்கை மண்ணால் மெழுகித் தாழ்வாக, சரிவாக இழுத்துவிட்டது. அதை அடுத்து நீர்நாய் கரைக்குப் பதிலாக ஒரு பெரிய ஓட்டையைக் கட்டியது. ஓட்டையைச் சுற்றி அழகாகக் கூழாங்கல் வேறு! அத்திமரத்தின் ஓரத்தில் குரங்கு நாலு குச்சியை நட்டுவிட்டு, "என் பங்கு முடிஞ்சாச்சு!" என்று மரத்தில் ஏறிவிட்டது.

ஊர் கூடித் தேர் இழுக்கலாம். ஆளுக்கொரு தெருவுக்கு இழுத்தால் தேர் எங்கே போகும்?

ஒருநாள் காலையில் மேற்கே ஒரு சின்ன மேகம் வந்தது. பெரிய மழை இல்லை. சும்மா எட்டிப் பார்த்துவிட்டுப் போகிற மழை. அந்த மழைக்கே ஓடையில் செம்மண் தண்ணீர் புரண்டு வந்தது. யானையின் குன்றில் மோதியது. மோதிய தண்ணீர் திரும்பிக் கடமானின் சரிவில் ஏறி வழிந்தது. நீர்நாயின் ஓட்டை வழியாகச் சீறியது. குரங்கின் குச்சிகளை அள்ளிக்கொண்டது. கரைத்த மண்ணும் சேறுமாக அத்தனையும் எங்கே போய் விழுந்தது? கோழியின் பள்ளத்தில்!

சேறு கூட்டின் விளிம்புவரை வந்து, முட்டைகளைத் தொடுவதற்கு ஒரு விரல் தூரத்தில் நின்றது.

கோழி அசையாமல் உட்கார்ந்திருந்தது. மழை நின்றதும் எழுந்தது. இலைகளை இழுத்து முட்டைகளை மூடியது. அடுத்த நொடி, கழுத்து இறகெல்லாம் சிலிர்க்க, ஒரே ஓட்டமாகக் கரைக்கு ஏறி வந்தது.

அங்கே பெரிய சண்டை நடந்துகொண்டிருந்தது.

"உன் குட்டிச்சுவராலேதான் எல்லாம் போச்சு!" என்று யானை கடமானைப் பார்த்துப் பிளிறியது.

"உங்க மலையில மோதித்தானே தண்ணி என் பக்கம் திரும்பிச்சு!" என்று கடமான் அழுதது.

"யாரு என் ஓட்டைக்குள்ள சேத்தை அடைச்சது?" என்று நீர்நாய் கத்தியது.

குரங்கு மேலிருந்து கைதட்டியது. "நான்தான் அப்பவே சொன்னேனே! என்ன சொன்னேன்னுதான் மறந்துபோச்சு!"

"நிறுத்துங்க எல்லாரும்!" என்றது கோழி.

அவ்வளவு சின்னப் பிராணியிடமிருந்து அவ்வளவு பெரிய சத்தம் வரும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. யானையின் தும்பிக்கைகூட அப்படியே நின்றுவிட்டது.

"எனக்கு உட்கார்ந்து கதை பேச நேரமில்லை. கீழே என் முட்டை ஆறுது. ஆறிப்போச்சுன்னா குஞ்சு இல்லை. அதுக்குள்ள பேசி முடிக்கணும். யாரு இந்த வேலைக்குத் தலைவர்?"

நரி மென்மையாகக் கனைத்தது. "நான்தானம்மா. உன் விருப்பம்தான்..."

"என் விருப்பத்தை நீ கேக்கவே இல்லையே! என் தலைக்கு மேலே கரை எழுப்பறீங்க. என்கிட்ட ஒரு வார்த்தை உண்டா?"

"கோழியக்கா, முட்டையைத் தூக்கிட்டு வேற இடத்துக்குப் போயிடேன். சின்ன விஷயம்தானே?" என்றது குரங்கு.

"போடா! உன் குட்டி மாதிரி என் முட்டை வயித்தைப் பிடிச்சுக்கிட்டுத் தொங்குமா? அடைகாக்கிற முட்டையைக் குலுக்கினா என்ன ஆகும்னு உங்க அம்மாகிட்டே போய்க் கேளு!"

யானை தொண்டையைச் செருமியது. "சரி, கரையே வேண்டாம்னு கலைச்சிடலாமா? அதைத்தானே நீ கேக்கிறே?"

"யாரு சொன்னா? அடுத்த கோடையில என் குஞ்சு என்னத்தைக் குடிக்கும்? கட்டுங்க, அண்ணே. உருப்படியாக் கட்டுங்க. கரையே இல்லாட்டி தண்ணி ஓடையோட போயிடும். அரைகுறைக் கரை இருந்தா, தேங்கி நின்னு மொத்தமா என் தலையில விழும். இன்னிக்கு வந்தது தூறல். பெரிய மழை வரட்டும், பாருங்க!"

எல்லோரும் மேற்கே பார்த்தார்கள். மலைக்குப் பின்னால் மேகம் கன்னங்கரேலென்று திரண்டுகொண்டிருந்தது. கடமானுக்குக் காது விடைத்தது.

"இப்போ ஒண்ணு கேக்கிறேன். ஒவ்வொருத்தரா, எல்லாருக்கும் கேக்கிற மாதிரி சத்தமாச் சொல்லுங்க. நரியார் உங்ககிட்ட என்ன சொன்னார்?"

"என் உயரத்துக்குக் கரைன்னார்" என்றது யானை.

"ஐயையோ! என்கிட்ட தாழ்வான கரைன்னாரே!" என்றது கடமான்.

"எனக்கு நடுவுல ஓட்டைன்னார்" என்றது நீர்நாய்.

"எனக்குக் கரையே உசராதுன்னார்!" என்றது குரங்கு.

நான்கு முகமும் ஒன்றாக நரியின் பக்கம் திரும்பின. நரி வாலைச் சுருட்டிக்கொண்டு, "எல்லாருடைய மனசும் நோகக்கூடாதேன்னுதான்..." என்று பின்வாங்கியது. யானை தும்பிக்கையை நீட்டி அதன் வாலை மெல்லப் பிடித்துக்கொண்டது.

"அவனை நசுக்கினா கரை எழும்பிடுமா? விடுங்க, அண்ணே. அவனுக்கும் வேலை இருக்கு" என்றது கோழி. "இப்போ கேளுங்க. இன்னியிலேருந்து உங்க வேலையை நீங்க பாக்கக்கூடாது!"

"என்னது?"

"ஆமா. யானையண்ணே, குரங்கோட அத்திமரம் முழுகாம இருக்கணும். அது உங்க பொறுப்பு. டேய் வாலு, யானையண்ணன் முதுகு நனையக் குளிக்கணும். அது உன் பொறுப்பு. மானக்கா, நீர்நாய்க்கு மீன் ஏறி வர வழி நீங்க பண்ணணும். நீர்நாய்த் தம்பி, மான்குட்டி வழுக்காம இறங்க வழி நீ பண்ணணும். யாருக்காக வேலை செய்யறீங்களோ அவங்க வந்து பாத்து, சரின்னு தலையாட்டணும். அதுவரைக்கும் உங்க வேலை முடியலை!"

"இது வழக்கத்துலேயே இல்லையே! அவரவர் பங்கு அவரவருக்குத்தானே?" என்று யானை முகம் சுளித்தது.

"உங்க வழக்கம் கட்டின கரை அதோ என் வீட்டு வாசல்ல கிடக்கு. போய்ப் பாருங்க!"

யானை பள்ளத்தை எட்டிப் பார்த்துவிட்டுத் தும்பிக்கையைத் தொங்கப்போட்டது.

"அப்போ உன் முட்டை யார் பொறுப்பு?" என்று கடமான் கேட்டது.

"அதுக்குத் தனியா ஆள் வேண்டாம். நீங்க நாலு பேரும் ஒழுங்காக் கட்டினா என் முட்டை தன்னாலே பிழைக்கும். நான் போறேன், ஆறுது!" கோழி பறந்தும் ஓடியும் பள்ளத்தில் இறங்கி மறைந்தது.

"எனக்கு என்ன வேலைன்னு சொல்லவே இல்லையே?" என்றது நரி, தப்பித்த மகிழ்ச்சியோடு.

பள்ளத்திலிருந்து குரல் வந்தது. "மண் சுமக்கணும்! வாயாலே! களிமண்ணை வாய் நிறையக் கவ்விக்கிட்டு நடக்கணும்! அப்பத்தான் யார் காதிலேயும் ஒண்ணும் சொல்ல முடியாது!"

அத்திமரமே ஆடும்படி குரங்கு சிரித்தது. ஆனால் சிரித்துக்கொண்டே இருக்க முடியுமா? அதற்கும் வேலை இருந்ததே. கரையை உயர்த்தினால் தன் மரம் போகும். உயர்த்தாவிட்டால் யானை தலையாட்டாது. தலையைச் சொறிந்துகொண்டு யானையிடம் வந்தது.

"அண்ணே, உங்களுக்கு வேண்டியது உசரமான கரையா, இல்லே முதுகு நனையறதா?"

"என்னடா கேள்வி இது? முதுகு நனையணும்னா கரை உசரமா இருக்க வேண்டாமா?"

"ஏன்? தண்ணி மேலே ஏறுறதுக்குப் பதிலா நீங்க கீழே இறங்கினா என்ன? ஓடைத் தரையைத் தோண்டுவோம். ஆழமாயிடும். முதுகும் நனையும், என் மரமும் பிழைக்கும்!"

யானை தன் சின்னக் கண்களைச் சிமிட்டியது. அது இத்தனை நாளும் கரையின் உயரத்தையே அளந்துகொண்டிருந்தது. ஆழம் என்று ஒன்று இருப்பது மறந்தேபோயிருந்தது. "அடேய்! வாலு! உனக்கு இவ்வளவு புத்தி எங்கேருந்து வந்தது?"

"மரம் போயிடுமோங்கிற பயத்துலேருந்துதான்!"

யானை தந்தத்தால் தரையைக் கிளறியது. மணலுக்கு அடியில் பார்த்தால், கொழகொழவென்று அருமையான களிமண்! கரைக்குத் தேவையானதும் அதுதானே? தோண்டத் தோண்டக் குளம் ஆழமானது. அள்ள அள்ளக் கரை எழும்பியது. குரங்குக் கூட்டம் முழுவதும் கைக்குக் கை மண்ணைக் கடத்தியது. அதற்கு நடுவே கன்னம் இரண்டும் உப்ப, வாய் நிறையக் களிமண்ணோடு நரி நடந்தது. "நரி மாமா, இந்த மண் போதுமா?" என்று குட்டிக்குரங்குகள் வேண்டுமென்றே கேட்கும். "ம்ம்ம்ம்" என்று நரி தலையாட்டும்.

யானை தன் பொறுப்பைப் பார்க்க அத்திமரத்தடிக்கு வந்தது. "எதுவரைக்கும் தண்ணி வரலாம்? கையை வெச்சுக் காட்டு" என்றது. குரங்கு வேரின் மேல் கை வைத்துக் காட்டியது. யானை ஒரு பெரிய தட்டைப் பாறையைப் புரட்டி வந்து, கரையின் அந்த ஓரத்தில், அதே மட்டத்தில் பதித்தது. "இந்தப் பாறை வரைக்கும்தான் தண்ணி ஏறும். அதுக்கு மேலே வந்தா பாறை மேல வழிஞ்சு, ஓரமா இருக்கிற அந்தக் கல்லோடையில இறங்கி, கீழே ஓடையில போய்ச் சேர்ந்திடும். உன் மரத்துக்கும் ஆபத்தில்லை, கோழியோட பள்ளத்துக்கும் போகாது!" நம் ஏரிகளில் இப்படி மிஞ்சிய தண்ணீர் வழிகிற இடத்தைக் கலிங்கு என்பார்கள். பாறையின் மட்டத்தைவிட உயரமாக, இந்த முனையிலிருந்து அந்த முனைவரை கரையை ஒரே சீராக எழுப்பினார்கள். யானையின் குன்று இறங்கியது. கடமானின் சரிவு ஏறியது.

கடமான் அந்தக் கலிங்கைப் பார்த்தது. 'இவ்வளவு உயரம் மீன் எப்படி ஒரே தாவலில் தாவும்? எனக்கே மூச்சு வாங்குமே!' உடனே கல்லோடையில் படிப்படியாகக் கற்களைப் போட்டு, ஒவ்வொரு படியிலும் தண்ணீர் தேங்க ஒரு குழி விட்டது. "மீன் ஒரு படி ஏறும், கொஞ்சம் இளைப்பாறும், அப்புறம் அடுத்த படி ஏறும். சரியா தம்பி?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டது. நீர்நாய் குட்டிக்கரணமே போட்டது. "அக்கா! எனக்கு ஓட்டையே வேண்டாம்! முதல்ல அதை அடைங்க!"

நீர்நாய்க்கு மட்டும் முதல் தடவை வேலை சரிப்படவில்லை. சேற்றை நன்றாகக் குழைத்து, மான்குட்டிக்குப் பளபளவென்று ஒரு பாதை போட்டது. மான்குட்டி காலை வைத்ததுதான் தாமதம், சர்ரென்று சறுக்கிப் போய் அடியில் சொத்தென்று விழுந்தது.

"எப்படி இருந்துச்சு?" என்று நீர்நாய் ஆவலாகக் கேட்டது.

"இன்னொரு தடவை!" என்றது மான்குட்டி.

"ஐயோ, வேண்டவே வேண்டாம்!" என்று தாய்மான் அலறியது. "வழுக்கினா உனக்குப் பிடிக்கும் தம்பி. என் குட்டிக்குக் குளம்பு. யாருக்காகப் போடறேன்னு யோசி!" நீர்நாய் நாக்கைக் கடித்துக்கொண்டு, சேற்றை வழித்து எறிந்துவிட்டு, சரளைக்கல்லைப் பரப்பி மிதித்தது. இந்த முறை மான்குட்டி டக்டக்கென்று இறங்கி, டக்டக்கென்று ஏறியது. தாய்மான் தலையாட்டியது.

கோழி நடுநடுவே ஓடி வரும். ஒரு கண்ணால் கரையைப் பார்க்கும். "இங்கே குழி இருக்கு! அங்கே மண் போதலை! சீக்கிரம், ஆறுது!" என்று கத்திவிட்டு ஓடிவிடும். முன்பு சிரித்தவர்கள் இப்போது அதன் தலை தெரிந்தாலே நிமிர்ந்து நின்றார்கள்.

கடைசியாக நீர்நாயின் ஓட்டையை அடைத்து, யானை கரைமேல் நடந்து மண்ணை மிதித்து இறுக்கிக்கொண்டிருந்தபோது, இடி இடித்தது.

பெரிய மழை வந்தேவிட்டது!

பகலே இருட்டிக்கொண்டு வந்தது. ஓடை ஓடையாகவா வந்தது? மரக்கிளைகளையும் கற்களையும் உருட்டிக்கொண்டு, "ஹோ!" என்ற சத்தத்தோடு காட்டாறாக வந்தது. தோண்டிய குளம் நிரம்பியது. தண்ணீர் கரையில் ஏறியது. இன்னும் ஏறியது.

"கோழியக்கா, ஓடி வந்திடு!" என்று குரங்கு மேலிருந்து கத்தியது.

"நான் எழுந்தா முட்டை நனையும். நான் இங்கேதான் இருப்பேன். நீங்க கரையைப் பாருங்க!" என்று பள்ளத்திலிருந்து குரல் வந்தது. கோழி சிறகை விரித்து, முட்டைகளை மூடி, மழையில் கல்லைப்போல் உட்கார்ந்திருந்தது. அதன் தலைக்கு நேர் மேலே கரை. கரைக்கு அந்தப் பக்கம் ஒரு குளம் தண்ணீர்.

அப்போதுதான் அது நடந்தது. யானையின் பழைய பங்கும் கடமானின் பழைய பங்கும் சேருகிற இடம் இருக்கிறதே, அங்கே கல்லும் மண்ணும் ஒட்டவேயில்லை. முன்பு ஆளுக்கு ஆள் முதுகைக் காட்டிக்கொண்டு கட்டிய இடம் அல்லவா? அந்த இடுக்கில் முதலில் ஒரு சொட்டு. பிறகு ஒரு கோடு. பிறகு விரல் தடிமனில் தண்ணீர் பீறிட்டு, நேராகக் கோழியின் முதுகில் அடித்தது!

போன மழையாக இருந்தால், "இது யார் பங்கு?" என்றுதான் முதலில் கேட்டிருப்பார்கள். இந்த முறை யாரும் கேட்கவில்லை. கடமான் நடுக்கத்தை மறந்து கரைமேல் ஓடியது. நீர்நாய் தண்ணீருக்குள் பாய்ந்து, மறுபக்கம் இடுக்கின் வாயைத் தேடியது. "இங்கே! இங்கே இருக்கு! மண் கொடுங்க!"

இந்தப் பக்கம், பொத்துக்கொண்ட இடத்துக்கு அருகே நின்றது யார்? வாய் நிறையக் களிமண்ணோடு நரி!

"நரியாரே, அடை!" என்று யானை பிளிறியது.

நரி வாயிலிருந்த மண்ணை இடுக்கில் அறைந்தது. தண்ணீர் அதைப் பிய்த்துத் தள்ளப் பார்த்தது. நரி சட்டென்று திரும்பி, தன் முதுகையே இடுக்கில் வைத்து, நான்கு காலையும் ஊன்றி நின்றுகொண்டது. "உங்க விருப்பம்" என்றெல்லாம் சொல்ல நேரமில்லை. "சீக்கிரம்! சீக்கிரம்! முதுகு சில்லிடுது!" என்று அலறத்தான் நேரமிருந்தது. குரங்குகள் மண்ணை வீச, நீர்நாய் உள்ளே அடைக்க, கடமான் குளம்பால் குத்த, யானை மேலே நின்று தன் முழுப் பாரத்தோடும் மிதிக்க... பீறிட்ட தண்ணீர் கோடானது. கோடு சொட்டானது. சொட்டும் நின்றது.

தண்ணீர் இன்னும் ஏறியது. அத்திமரத்தின் வேரைத் தொட்டது. குரங்கு கண்ணை இறுக மூடிக்கொண்டது.

சலசலவென்று ஒரு புதுச் சத்தம்.

கண்ணைத் திறந்து பார்த்தால், தட்டைப் பாறையின் மேல் தண்ணீர் கண்ணாடிபோல் வழிந்து, கல்லோடைப் படிகளில் குதித்துக் குதித்து இறங்கிப்போகிறது! அடிமரம் நனையவில்லை. கரை அசையவில்லை. மழை பெய்த மட்டும் பெய்துவிட்டு ஓய்ந்தது.

யானை குளத்தில் இறங்கியது. நடுவுக்குப் போய் உட்கார்ந்தது. முதுகு முழுகியது. "டேய் வாலு!" என்று மகிழ்ச்சியில் தும்பிக்கையைத் தூக்கித் தலையாட்டியது. குரங்கு வேரைத் தடவிப் பார்த்துத் தலையாட்டியது. கல்லோடையில் ஒரு மீன் முதல் படியில் துள்ளியது, இளைப்பாறியது, இரண்டாம் படிக்குத் தாவியது. அதைத் தின்னக்கூட மறந்து நீர்நாய் தலையாட்டியது. மான்குட்டி சரளைப் பாதையில் இறங்கித் தண்ணீரில் வாய் வைத்தது.

திடீரென்று எல்லோருக்கும் ஒரே நினைவு வந்தது. பள்ளம்!

கரையின் மறுபக்கம் எட்டிப் பார்த்தார்கள். கோழி அசையவில்லை. இறகெல்லாம் சேறு.

"கோழியம்மா, இருக்கியா?" என்று யானை கேட்டது. அவ்வளவு பெரிய தொண்டையிலிருந்து குரல் கிசுகிசுப்பாகத்தான் வந்தது.

கோழி ஒரு கண்ணைத் திறந்தது. "இருக்கேன், இருக்கேன். கத்தாதீங்க. இப்பத்தான் ஓடு விரியுது."

அதன் சிறகுக்கு அடியிலிருந்து, "கீச்!" என்று ஒரு சத்தம். அடுத்து இன்னொன்று. ஈரம் உலராத ஒரு சின்னத் தலை வெளியே வந்து, யானையைப் பார்த்தது, கரையைப் பார்த்தது, கடைசியில் நரியைப் பார்த்தது.

சேறு சொட்டச் சொட்ட நரி பல்லைக் காட்டிச் சிரித்தது. குரலில் தேனைக் குழைத்து, "குட்டிப்பாப்பா, உன் விருப்பம்தான் என் விருப்பம்!" என்றது.

"அவ விருப்பம் என்னன்னு நான் சொல்றேன்," என்றது கோழி. "முதல்ல நீ பத்தடி தள்ளி நில்லு!"

நீதி: தன் பங்கை மட்டும் பார்த்தவர்கள் கட்டிய கரை தூறலுக்கே உடையும், அடுத்தவர் தேவையைத் தன் பொறுப்பாக ஏற்றவர்கள் கட்டிய கரை பெருவெள்ளத்தையும் தாங்கும்.